எஞ்சின் இறங்கிவிட்டது, கார் ஓடவில்லை

போன பத்தியில் எங்கள் மொறிஸ் மைனருக்குள் வேறு எஞ்சின் இறங்கிய கதையை எழுதிவிட்டு, "அடுத்த முறை காரோடு வருகிறேன்" என்று முடித்திருந்தேன். வாய்க்கொழுப்பு. எஞ்சின் இறங்கிய நாளிலிருந்து கார் வீட்டு வாசலைத் தாண்ட ஏழு கிழமை எடுத்தது. இடையில் ஒரு நாள் காரையே எரித்திருப்பேன். அதுவும் மகன் உள்ளே இருக்கும்போது. அந்தக் கதையைத்தான் இந்த முறை எழுதுகிறேன். கார் வேலையில் ஆர்வம் இல்லாதவர்களும் கடைசிவரை வாருங்கள், உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எங்களுடையது 1967ஆம் ஆண்டு மைனர். இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. பிற்பாடு மினியை வடிவமைத்தவரும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய வாடகைக் கார்களில் பாதி மைனரும் ஒஸ்ரினும்தானே. லண்டனுக்கு வந்து இருபது வருடம் கழித்து ஒரு மைனரை வாங்கியபோது மனைவி கேட்டாள், "ஊரில உதில இருந்து இறங்கினா இடுப்பு நோகுது எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள்?" பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அதில் இருந்த 1098 சிசி எஞ்சின் களைத்துவிட்டது. நீல நிறத்தில் புகை தள்ளியது, ஒயில் குடித்தது. அதற்குப் பதிலாக எம்ஜி மிட்ஜெற் காரின் 1275 சிசி எஞ்சினைப் போட்டோம். இரண்டும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். தம்பியின் சட்டையை அண்ணன் போட்டது போல, கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் பொருந்தும். 48 குதிரைவலு இருந்த இடத்தில் 65 வரும். வாடகைக்கு எடுத்த தூக்கியில் எஞ்சினைத் தொங்கவிட்டு, மகனும் நானும் ஒரு சனிக்கிழமை பின்னேரத்துக்குள் இறக்கிவிட்டோம். படம் எடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டு, எல்லாரும் கைதட்டி, வேலை முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணை இப்போது எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறார். எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. குனிய முடியாது, ஆனால் போனில் சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன நோய் என்று சொல்லுவார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் மட்டும் கைதட்டவில்லை. போன் எடுத்தார்.

"தம்பி, எஞ்சினை இறக்கினது ஒரு நாள் வேலை. அதைச் சுத்திப் பூட்டுற சாமான் இருக்குதெல்லே, அது ஒரு மாத வேலை. கழட்டின சாமானெல்லாம் எங்க வச்சிருக்கிறாய்?"

"பெட்டியில போட்டு வச்சிருக்கிறன் அண்ணை."

"எத்தினை பெட்டி?"

"ஒண்டுதான்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, பாப்பம்" என்று வைத்துவிட்டார். அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எஞ்சின் என்பது வார்ப்பிரும்புக் கட்டை. அதற்கு மின்சாரம் கொடுக்க ஒன்று, தண்ணீர் ஓட்ட ஒன்று, பெற்றோல் கொடுக்க ஒன்று, காலால் மிதித்ததைக் கேட்க ஒன்று என்று சுற்றிவர ஆட்கள் வேண்டும். எஞ்சின் மாற்றிய பழைய கார்கள் மாதக்கணக்காகக் கராஜுக்குள் நிற்பதற்கு எஞ்சின் காரணமாக இருப்பது குறைவு. இந்தச் சில்லறைச் சாமான்கள்தான் காரணம். ஒவ்வொன்றாக எங்களுக்கு நடந்ததைச் சொல்லுகிறேன்.

முதலில் மின்சாரம். என் மைனரில் டைனமோ இருந்தது. அதன் கூடிய கொள்ளளவே ஏறக்குறைய 22 அம்பியர். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் வராது. சிவப்பு விளக்கில் நின்றால் முன்விளக்கு மங்கும். இதை மகனுக்கு விளங்கப்படுத்த, தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, சைக்கிள் டைனமோவில் றேடியோ செய்தி கேட்ட கதையைச் சொன்னேன். "கை களைச்சா செய்தியும் நிண்டுடும்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மிச்சச் செய்தி?" என்று கேட்டான். அது எங்கள் எல்லாருடைய கேள்வியும்தான்.

டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் பூட்டினோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது சார்ஜ் பண்ணும். ஆனால் இதில் மூன்று பொறி இருக்கிறது.

ஒன்று, பெல்ற் போகும் கோடு. ஓல்ரனேற்றர் டைனமோவைவிடக் கட்டை. பழைய பிடியில் வைத்தால் அதன் கப்பி முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நிற்கும். எங்களுடையது நாலு மில்லிமீற்றர் முன்னால் நின்றது. கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஒரு இரும்பு அடிமட்டத்தை மூன்று கப்பிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தபோதுதான் கோணல் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் பெல்ற் கத்தும், ஓரம் தேயும், ஒரு நாள் நடுவழியில் அறும். பெல்ற் அறுந்தால் சார்ஜ் மட்டும் நிற்பதில்லை. தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ற்தான் சுற்றுகிறது, எஞ்சின் கொதித்துவிடும். பிடியில் வாசர் சேர்த்து நேராக்கினோம். இறுக்கும்போதும் கவனம் வேண்டும். கப்பிகளுக்கு இடையில் நீளமான பகுதியைப் பெருவிரலால் அமத்தினால் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம், உள்ளே போகவேண்டும். பலம் இருக்கிறதென்று முறுக்கி இறுக்கினால் தண்ணீர்ப் பம்பின் பெயரிங் சீக்கிரம் போய்விடும்.

இரண்டாவது பொறி, நேர் எதிர். அந்தக் காலத்து மைனரில் பற்றரியின் நேர் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர் முனை. ஓல்ரனேற்றரும் எதிர் முனை உடம்போடு இருந்தால்தான் வேலை செய்யும். மாறிக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் டயோட்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் செத்துவிடும். ஆகவே பற்றரியைத் திருப்பி இணைக்கவேண்டும். கூடவே இக்னிசன் கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றவேண்டும். மாற்றாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் பொறி பலவீனமாக வரும். மின்சார பெற்றோல் பம்ப் பழைய வகையா, உள்ளே டயோட் வைத்த புதிய வகையா என்று பார்க்கவேண்டும். பழைய றேடியோ இருந்தால் அதைக் கழற்றிவைப்பது நல்லது.

மூன்றாவது, வயரின் தடிப்பு. 22 அம்பியருக்குப் போட்ட ஐம்பது வருட வயரில் அதைப்போல இரண்டு மடங்கு தரக்கூடிய ஓல்ரனேற்றரைக் கொழுவக்கூடாது. ஓல்ரனேற்றரிலிருந்து பற்றரிப் பக்கம் புதிய தடித்த வயர் ஒன்று இழுத்தோம். டாஷ்போட்டில் இருக்கும் சிவப்பு இக்னிசன் விளக்கையும் பார்த்துவைத்தோம். அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஓல்ரனேற்றரை எழுப்பிவிடுகிறது. பல்ப் எரிந்துபோனால் சார்ஜ் தொடங்காமலே போகலாம்.

அடுத்தது தண்ணீர். ஏ-சீரிஸ் எஞ்சினில் தண்ணீர்ப் பம்புக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் ஒரு சின்ன றப்பர்க் குழாய் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. தெர்மோஸ்டாற் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவருவதற்கான வழி அது. பம்பும் தலையும் பூட்டியபிறகு அதை இடையில் செருகுவதற்குக் குழந்தைப்பிள்ளையின் விரலும் பெரியவரின் பலமும் வேண்டும். அதை முதலில் வைத்துவிட்டுப் பம்பைப் பூட்டினால் ஐந்து நிமிட வேலை. நான் பிறகு செருகப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மகன் பக்கத்தில் நின்று, "பம்பைக் கழட்டினா சுகம்தானே அப்பா" என்று இரண்டு தரம் சொன்னான். "நீ லைற்றைப் பிடி" என்றேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பம்பைக் கழற்றினேன். குழாய் ஐந்து நிமிடத்தில் ஏறியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. லைற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாசிக்கிற நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

பிறகு பெற்றோல். மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. எஞ்சின் அறைக்கும் நாங்கள் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் பூட்டியிருக்கும். திறப்பைப் போட்டதும் டிக், டிக், டிக் என்று அடித்து, கார்புரேற்றர் நிறைந்ததும் அடங்கும். அந்த அடங்கல் ஒரு நல்ல செய்தி. அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. பழைய றப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றினோம். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் 10 வீதம்வரை எதனோல் கலக்கிறார்கள். பழைய றப்பரை அது அரித்துவிடும். எதனோலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கவேண்டும்.

இந்த வேலையின்போது அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். கதிரை போட்டு இருத்தினோம். பம்ப் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடையாது, கிடைத்தாலும் தொடமுடியாத விலை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால் ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல், சூடானதும் மண்ணெண்ணெய். "ஒரு மூடி பெற்றோலை நாலு கார் பங்கு போட்ட காலம்" என்றார். "அப்ப ஒரு வாசர்கூட வெளியில எறியமாட்டம். எறிஞ்சா வேற வராது. கழட்டின எல்லாத்தையும் கழட்டின ஒழுங்கில சாக்கில பரப்பி வைப்பம். வேலை முடிஞ்சு சாக்கில ஏதும் மிச்சம் கிடந்தா, கார் வெளியில போகாது."

மகன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. நான் போனில் அடுத்த சாமானுக்கு ஓடர் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்புரேற்றர் பூட்டினோம். 1275க்குப் பெரியது வேண்டும், ஒன்றரை அங்குல எஸ்யூ ஒன்று போட்டோம். அக்சிலரேற்றர் கேபிள், சோக் கேபிள் இரண்டையும் கொழுவினோம். எஞ்சின் றப்பர் மேல் இருப்பதால் ஆடும். கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் எஞ்சின் ஆடும்போது தானாக வேகம் எடுக்கும், கொஞ்சம் தளர்வு வேண்டும். காலை எடுத்ததும் மூடுவதற்கு ஸ்பிறிங் இரண்டு போடுவது புத்தி, ஒன்று அறுந்தாலும் மற்றது இழுக்கும். இதையெல்லாம் வடிவாகத்தான் செய்தேன். அந்த இரண்டு கேபிளையும் இவ்வளவு கவனமாகப் பூட்டிவிட்டுத்தான் அவற்றையே எரித்தேன்.

ஏழாவது கிழமை, சனிக்கிழமை. எல்லாம் முடிந்தது. மகன் பெட்டியைக் காலியாக்கிக்கொண்டிருந்தான். அடியில் கிடந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினான். செம்புக் கம்பியில் பின்னிய பட்டி, சாண் நீளம், இரண்டு பக்கமும் ஓட்டை. ஒயிலும் ஊத்தையும் ஏறிக் கறுத்திருந்தது.

"அப்பா, இது எங்க பூட்டுறது?"

"அது பழசு. பெட்டிக்குள்ள போடு."

"மிச்சம் இருந்தா கார் வெளியில போகாது எண்டு அண்ணை தாத்தா—"

"இப்ப நேரமில்லை. உள்ளுக்கு ஏறு."

ஏறினான். முதலில் செய்யவேண்டியதைச் செய்தோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ரார்ட்டரால் சுற்றவேண்டும். எண்ணெய் ஏறாத எஞ்சினை எடுத்த எடுப்பில் ஓடவிடக்கூடாது. அப்போதே ஸ்ரார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது. பிளக்குகளைப் பூட்டினேன். "சோக்கை இழு. திறப்பைத் திருப்பு."

உறுமவில்லை, முனகியது. "இன்னொருக்கா."

"அப்பா, சோக் சுடுது."

"என்ன?"

"சோக் பிடி சுடுது அப்பா, கை வைக்கேலாது."

"சோக் எப்பிடிச் சுடும்? கதைக்காமல் திருப்பு."

அவன் திருப்பினான். நான் பொனற்றின் கீழே குனிந்து கார்புரேற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு செக்கன் இருக்கும். சோக் கேபிளின் மேலுறை கண்ணுக்கு முன்னால் பளபளத்துக் கொப்பளித்து வெள்ளைப் புகை விட்டது. பெற்றோல் நிறைந்த கார்புரேற்றருக்குப் பக்கத்தில். "இன்னும் கொஞ்சம்" என்று நான் சொன்னதாக மகன் பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை. ஆனால் அவன் என் சொல்லைக் கேட்கவில்லை. திறப்பை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். திறப்பை விட்டதும் மின்சாரம் நின்றது. நான் பற்றரி வயரைப் பிடுங்கினேன். புகை மெல்ல அடங்கியது. அவனுடைய வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் சிவந்து கொப்பளம் போட்டிருந்தது.

குழாய்த் தண்ணீருக்குக் கீழே இருபது நிமிடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். சோக் சுட்டது என்று சொல்லி முடிக்கவில்லை, அவர் கேட்டார்: "பெட்டியில செம்புப் பட்டி ஒண்டு கிடக்குதோ?"

காரியம் இதுதான். பற்றரியின் ஒரு முனை காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. ஸ்ரார்ட்டர் எஞ்சினோடு இருக்கிறது. எஞ்சினோ றப்பர் மேல் இருக்கிறது, றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கியர்பொக்ஸிலிருந்து காரின் உடம்புக்கு ஒரு செம்புப் பட்டி போட்டு வழி விட்டிருப்பார்கள். அதுதான் ஏர்த். ஸ்ரார்ட்டருக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். பட்டி இல்லாவிட்டால் அந்த மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடம்பையும் தொடுகிற வேறு உலோகம் என்ன இருக்கிறது? சோக் கேபிளும் அக்சிலரேற்றர் கேபிளும்தான். ஆற்றில் போகவேண்டிய தண்ணீரை வாய்க்காலில் விட்டது போல, அந்த மெல்லிய கம்பிகள் அடுப்புக் கம்பியாகச் சிவந்துவிட்டன. ஸ்ரார்ட்டர் முனகியதும் இதனால்தான். பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

"உப்பிடி எரிஞ்ச கார் நான் கண்டிருக்கிறன்" என்றார் அண்ணை. பிறகு, "ஆர் சுடுது எண்டு கண்டுபிடிச்சது?"

"மகன்."

"பிறகும் திருப்பச் சொன்னனியோ?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. "போனை அவனிட்டக் குடு" என்றார். அவனோடு பத்து நிமிடம் கதைத்தார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

அன்று இரவு அவனுடைய அறைக் கதவைத் தட்டினேன். பதினேழு வயது. எங்கள் அப்பாமார் எங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தச் சொல்லை எப்படித் தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியாது. "தம்பி, நீ கேட்டது சரி. நான் கேக்காமல் விட்டது பிழை. ரெண்டு தரம்" என்றேன்.

"மூண்டு" என்றான் அவன். "தண்ணிக் குழாய்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னான். "நான் உங்களோட கார் செய்ய எண்டுதான் வாறனான் அப்பா. ஏழு கிழமையா லைற் மட்டும்தான் பிடிச்சனான்."

வெளிநாட்டில் இருக்கும் எங்களில் பலர் பிள்ளைகள் தமிழ் கதைக்கிறதில்லை, எங்களோடு இருக்கிறதில்லை என்று குறைப்படுகிறோம். நானும் இந்தப் பத்தியிலேயே குறைப்பட்டிருக்கிறேன். இவன் ஏழு சனிக்கிழமை என்னோடு நின்றான். தமிழில்தான் கதைத்தான். கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

அடுத்த கிழமை நான் லைற்றைப் பிடித்தேன். அவன் காருக்குக் கீழே போனான். பட்டியின் இரண்டு முனையையும், அது பூட்டும் இடத்தில் இருந்த கறளையும் பெயின்றையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தான். பட்டி பழசுதான், ஆனால் ஒரு இழையும் அறவில்லை. பூட்டினான். எரிந்த இரண்டு கேபிளுக்கும் புதிது போட்டான். அண்ணை சொல்லிக்கொடுத்த சோதனையையும் அவனே செய்தான். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஸ்ரார்ட்டர் சுற்றும்போது அளவு பார்க்கவேண்டும். அரை வோல்ற்றுக்குள் இருந்தால் வழி நல்லது. கூடினால் ஏர்த் சரியில்லை. எங்களுக்கு 0.2.

பிறகு வெறும் பெட்டியைக் கவிழ்த்து எனக்குக் காட்டினான். ஒன்றும் விழவில்லை.

பம்ப் டிக் டிக் என்று அடித்து அடங்கியது. திறப்பைத் திருப்பினான். இரண்டாவது சுற்றிலேயே பற்றியது. மீற்றரில் பற்றரி 12.6 இலிருந்து 14 வோல்ற்றுக்கு ஏறியது, சிவப்பு விளக்கு அணைந்தது. மனைவி யன்னலால் எட்டிப் பார்த்து, "இடுப்பு கவனம்" என்றாள்.

பழைய காருக்கு எஞ்சின் மாற்ற யோசிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில விஷயம். கழற்ற முன் ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள். கழற்றியதை ஒரே பெட்டியில் போடாமல் பொலித்தீன் பைகளில் பெயர் எழுதி வையுங்கள். முதல் முறை ஸ்ரார்ட் பண்ணமுன் ஏர்த் பட்டியைக் கையால் தொட்டுப் பாருங்கள், தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அது எங்களிடம் இருந்தது, வீட்டுக்குள் குசினியில். ஸ்ரார்ட்டர் முனகினால் திரும்பத் திரும்பத் திருப்பாமல் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள்.

கடதாசி வேலையும் உண்டு. பிரித்தானியாவில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறியதை டிவிஎல்ஏக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும், காப்புறுதிக்காரருக்கும் சொல்லவேண்டும். 40 வயது தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை. ஒரே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவைப் போடுவதை அவர்கள் பெரிய மாற்றமாக எடுப்பதில்லை. ஆனாலும் நாங்கள் எம்ஓடிக்குக் கொண்டுபோகிறோம், எங்களைவிட இன்னொரு சோடிக் கண் பார்ப்பது நல்லது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் விசாரியுங்கள்.

பிறேக் பற்றி ஒரு வார்த்தை. வலு கூடிய எஞ்சினைப் பழைய டிரம் பிறேக் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் போடப்போகிறோம். அதுவரை காரை மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம் அண்ணை வீட்டுக்கு. மகன் பழகுநர் அட்டையை ஒட்டிக்கொண்டு ஓட்டினான், நான் பக்கத்தில். அண்ணை வாசலுக்கு வந்து, பொனற்றைத் திறக்கச் சொல்லி, பெல்ற்றைப் பெருவிரலால் ஒருக்கா அமத்திப் பார்த்தார். பிறகு மகனின் கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்பளம் காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

"சரி, இனி மாறிடும்" என்றார். "உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

பிறேக் வேலை அடுத்த பத்தியில். இந்த முறை எழுதுமுன் மகனிடம் காட்டித்தான் அனுப்புவேன்.